அக்காவின் தாடை

அலுவலகத்தில் அவனை எல்லோரும் முகக்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். கேம் செய்யும் நிறுவனம் அது. ஒருவர் கட்டடம் கட்டுவார், ஒருவர் துப்பாக்கி செய்வார், இன்னொருவர் காலை முதல் மாலை வரை மழையையும் தூசியையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். இவனுக்கு முகம். திரையில் களிமண் பிசைவதுபோலக் கன்னத்தை இழுத்து, புருவத்தை அமுக்கி, ஆளை உண்டாக்குவது இவன் வேலை.

'எரிகோட்டை' என்ற அந்தச் சண்டை கேம் அவன் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. ஒரு பாகம் விடாமல் விளையாடியவன் அவன். அதன் நாயகிக்குப் பெயர் கிடையாது, கோட்டைக்காரி என்பார்கள். எரிகிற கோட்டைக்குள் தனி ஆளாகப் புகுந்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை இழுத்துக்கொண்டு வெளியே வருவாள். பாகத்துக்குப் பாகம் அவள் இடுப்பு சிறுத்துக்கொண்டே வந்தது. கண் பெருத்துக்கொண்டே வந்தது. கடைசியாக வந்ததில் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தாலும் அவள் தலைமுடி கலையவில்லை. விற்பனை படுத்துவிட்டது. தொடரை முதலிலிருந்து புதிதாக ஆரம்பிப்பது என்று நிறுவனம் முடிவுசெய்து, வெளியிலிருந்து ஓர் இயக்குநரை அழைத்து வந்தது.

ஐம்பதை நெருங்கும் பெண். குரலை உயர்த்த மாட்டார். முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். "இத்தன வருஷமா நெருப்புக்குள்ள போய் வந்தவ. அது மூஞ்சில தெரிய வேணாமா? எனக்கு நடிகை வேணாம், மாடல் வேணாம். அடிபட்டு எந்திரிச்ச ஒரு பொம்பளயோட முகம் வேணும்."

முகக்காரனுக்கு யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. போனை எடுத்து அக்காவின் படத்தைக் காட்டினான்.

அக்கா ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். அகலமான தாடை. மூக்கு ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். ஒருமுறை குறுக்கே வந்த லாரியில் வண்டி மோதி, ஸ்டீயரிங்கில் முகம் போய் இடித்ததில் ஆனது. இடப் புருவத்தைக் குறுக்கே அறுத்த தழும்பும் அன்றைக்கு வாங்கியதுதான். மூக்கில் ரத்தம் ஒழுக ஒழுக, நோயாளியை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பிய பிறகுதான் சாலையோரம் உட்கார்ந்தாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் இன்னும் சொல்வார்கள். இயக்குநர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இவங்கதான்," என்றார்.

அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்தியது. "என் மூஞ்சியா? பாஸ்போர்ட் ஆபீஸ்லயே ஒழுங்கா இல்லன்னு ரெண்டாவது தடவ எடுத்தாங்கடா."

அத்தான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்குரூ டிரைவர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இதுக்கு இப்படி கிராக்கி வரும்னு தெரிஞ்சிருந்தா அப்பவே ஒரு காப்பி எடுத்து வச்சிருப்பேன்," என்றார்.

ஸ்கேன் எடுக்கிற அறை வட்டமாக இருக்கும், சுற்றிலும் கேமராக்கள். நடுவில் நிற்க வைத்துக் கோபப்படு, பயப்படு, பல்லைக் கடி, மூச்சை வாங்கு என்பார்கள். அக்கா எல்லாவற்றையும் செய்தாள். அழுகை மட்டும் வரவில்லை. "அழணும்னா நான் வண்டிய ஓரங்கட்டிட்டுத்தான் அழுவேன். இப்படி நிக்க வச்சு அழச் சொன்னா எங்கேருந்து வரும்?" என்றாள். இயக்குநர் சிரித்து, அந்தக் காட்சியையே கதையிலிருந்து எடுத்துவிட்டார். கோட்டைக்காரி இனி அழ மாட்டாள் என்றார். அன்று முகக்காரனுக்கு இந்த வேலைக்கு வந்ததற்காக முதல்முறையாக உண்மையான பெருமை வந்தது.

அந்த முகத்தை அவன் பார்த்துப் பார்த்துச் செய்தான். வாயோரத்துக் கோடு, புருவத் தழும்பில் முடி முளைக்காத வழுக்கை, சிரிக்கும்போது ஒரு கன்னம் மட்டும் முதலில் மேலே ஏறுவது, ஒன்று விடவில்லை.

டிரெய்லர் வெளியானது. ஆரம்பத்தில் வந்தவர்கள் நியாயமாகத்தான் பேசினார்கள். சண்டை வேகம் குறைந்துவிட்டது, பழைய இசை எங்கே, கயிற்றில் தொங்கித் தாவுகிறதை ஏன் எடுத்தீர்கள் என்றார்கள். ஒன்றிரண்டை முகக்காரனே ஒத்துக்கொண்டான். கயிற்றை எடுத்தது அவனுக்கும் பிடிக்கவில்லை. பிறகு யாரோ ஒருவன் டிரெய்லரை நிறுத்தி, அக்கா முகம் பக்கவாட்டில் தெரிகிற இடத்தைப் படமெடுத்துப் போட்டு, தாடையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டான். அதோடு கயிறும் இசையும் எல்லாருக்கும் மறந்துபோயின.

'இந்தத் தாடை இருக்கும்போது கதவை உடைக்க வெடிகுண்டு எதுக்கு' என்றான் ஒருவன். 'கோட்டைக்காரிய கேட்டா கோட்டை வாட்ச்மேன அனுப்பியிருக்காங்க' என்றான் இன்னொருவன். என் சின்ன வயதையே அசிங்கப்படுத்திவிட்டார்கள் என்று தாடி நரைத்த ஆள் ஒருவர் கேமரா முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை ஊரே பார்த்தது. அக்கா முகத்தைக் குதிரைக்குப் பொருத்தினார்கள், பன்றிக்குப் பொருத்தினார்கள். அப்புறம் பொம்பளை உடம்புகளுக்குப் பொருத்த ஆரம்பித்தார்கள். அவையெல்லாம் என்ன உடம்புகள், என்ன செய்துகொண்டிருந்தன என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

முகக்காரன் எல்லாவற்றையும் படித்தான். படிக்காதே என்று பக்கத்து மேசைக்காரர்கள் சொன்னார்கள். அவனால் முடியவில்லை. புண்ணைச் சொறிவதுபோலத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தான். வாயில் எந்நேரமும் ஒரு புளிப்பு நின்றது. மவுஸைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு வருவான், உட்காருவான், தொடுவான், மறுபடி எழுந்து போவான். குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்க்கையில் தன்னையே கண்ணாடியில் பார்க்கக் கூசினான். அவனுக்கும் அதே தாடைதான். தாடி விட்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

கேமின் கடைசியில் ஓடுகிற நன்றிப் பட்டியலில் அக்காவின் பெயரையும் வேலையையும் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் இவன்தான். அந்தப் பக்கம் முன்கூட்டியே வெளியே கசிந்தது. அப்புறம் அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. ஆம்புலன்ஸ் நிலையத்து அவசர எண்ணைக் கூப்பிட்டு நாய்போலக் குரைத்தார்கள். தாடை வண்டி ஒன்று அனுப்புங்கள் என்றார்கள். உயிர் போகிற அவசரத்துக்கு இருக்கிற லைன் அது.

அக்கா இதையெல்லாம் தம்பியிடம் சொல்லவில்லை. அத்தான்தான் போனில் சொன்னார். "அவ ஒண்ணும் பேச மாட்டேங்கறா. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ."

போனான். அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் கேட்கும்வரை எதுவும் சொல்லவில்லை. கேட்டதும் கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"நேத்து ஒரு கேஸ்டா. வயசானவரு, நெஞ்சு வலி. பின்னாடி நர்ஸ் அவருக்கு ஆக்சிஜன் போட்டுட்டிருக்கா. பையன் முன்னாடி எம்பக்கத்துல ஏறிக்கிட்டான். உன் வயசுதான் இருக்கும். எம்மூஞ்சியவே பாத்துட்டிருந்தான். பயந்துட்டான் போலன்னு நெனச்சேன். அப்பாக்கு மூச்சு இழுக்குது, எறங்கி பின்னாடி போய் கையப் புடிச்சிக்கோ தம்பின்னேன். போன தூக்கிப் புடிச்சிக்கிட்டு, ஒரு நிமிஷம், லேசா இந்தப் பக்கம் திரும்புங்கன்னான்."

முகக்காரன் தரையில் கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்கினான்.

"திரும்பிட்டேன்டா," என்றாள் அக்கா. "என்னமோ சொல்றான்னு நெனச்சு திரும்பிட்டேன்."

அந்தப் படத்தை அவன் அன்று காலையே பார்த்திருந்தான். சைரன் வெளிச்சம் கன்னத்தில் விழ, கேள்வியாகத் திரும்பிய அக்காவின் முகம். 'இந்த வண்டியில் ஏறினால் ஆஸ்பத்திரி போகும் முன்பே ஆள் காலி' என்று கீழே எழுதியிருந்தது. பல்லாயிரம் பேர் சிரித்திருந்தார்கள். படத்தின் ஓரத்தில், பின்னாலிருந்த கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஸ்ட்ரெச்சரில் ஒரு வெள்ளை முடித் தலை மங்கலாகத் தெரிந்தது. அதை யாரும் பேசவில்லை.

அக்கா மகள் உள்ளே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு. மாமா வந்தால் ஓடி வந்து தோளைப் பிடித்துத் தொங்குகிறவள் அன்றைக்கு வெளியே வரவில்லை. அவள் வகுப்புப் பையன்களும் அந்தப் படங்களை அவளுக்கே அனுப்பியிருந்தார்கள் என்பதும், ஒருவனை அவள் டிபன் பாக்ஸால் அடித்ததும் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் கூட்டம். நிறுவனத்தின் தயாரிப்பு மேலாளர் எதைப் பேசினாலும் திரையில் ஒரு கோடு வரைந்து காட்டித்தான் பேசுவார். அதனால் அவருக்கு கிராஃப் என்று பெயர். அன்று சிவப்புக் கோடு ஒன்று சரிவாக இறங்கியது.

"நான் சரி தப்பு பேச வரல," என்றார் கிராஃப். "மக்களுக்கு முகம் பிடிக்கல. பிடிக்காதத நம்ம தலைல கட்டிக்கிட்டு அழணுமா? முகத்த மட்டும் கொஞ்சம் சரி பண்ணிட்டா பிரச்சன முடிஞ்சிது."

எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் தண்ணீர்ப் பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். முகக்காரன் காத்திருந்தான். இவர் விட மாட்டார் என்று முழுசாக நம்பியிருந்தான்.

"சின்ன திருத்தம்தானே," என்றார் அவர் லேபிளைப் பார்த்தபடியே. "பாத்திரத்தோட ஆன்மா அப்படியேதான் இருக்கும்."

"யார் பண்றது?" என்றார் யாரோ.

"அவருதான் பொருத்தம்," என்று கிராஃப் முகக்காரனைக் காட்டினார். "பழகின முகமாச்சே."

அன்று சாயங்காலமே அவன் அக்காவிடம் சொன்னான். அக்கா பதறவில்லை. "எடுக்கறதுன்னா என்னய முழுசா எடுத்துருங்க. எனக்கு நிம்மதி. வேற யார் மூஞ்சியாவது வச்சிக்கோங்க. பாதி என்னய வச்சிக்கிட்டு மீதிய அவனுங்க ஆசைக்கு வரைஞ்சீங்கன்னா, அது யாருடா?"

அதை அப்படியே கிராஃபிடம் போய்ச் சொன்னான். கிராஃப் பொறுமையாகக் கேட்டார். "முழுசா மாத்தினா உதட்டசைவு, கண்ணசைவு எல்லாம் முதல்லேருந்து பண்ணணும். அதுக்கு நேரமில்ல. அவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காங்கல்ல? முகம் இப்ப நம்மளுது."

நம்மளுது என்று அவர் சொன்னது இவன் காதிலேயே நின்றது. ஆனாலும் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். கோப்பைத் திறந்தான். நான் செய்யாவிட்டால் அவளைத் தெரியாத எவனோ செய்வான், நானே செய்தால் கொஞ்சமாவது அவளைக் காப்பாற்றி வைக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வேலையைத் தூக்கிப் போடத் தைரியமில்லாதவர்கள் எல்லோரும் சொல்லிக்கொள்வதுதான் அது. அப்போதே அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

முதலில் தாடை. இரண்டு பக்கமும் பிடித்து உள்ளே தள்ளினான். பிறகு மூக்கை நிமிர்த்தினான். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் அதைச் செய்யலாம் என்றபோது அக்கா வேண்டாம் என்றவள். வாயோரத்துக் கோட்டை அழித்தான். தழும்பை மெலிதாக்கி, அப்புறம் இன்னும் மெலிதாக்கி, கடைசியில் அழகுக்குப் போட்டுக்கொண்ட கீறல்போல ஆக்கினான். தினமும் மாலை கிராஃபும் இயக்குநரும் வந்து அவன் தோளுக்குப் பின்னால் நிற்பார்கள். இன்னும் கொஞ்சம் என்பார்கள். கன்னம் இன்னும் கொஞ்சம். உதடு இன்னும் கொஞ்சம். வயசு இன்னும் கொஞ்சம் குறையட்டும். கறிக்கடையில் நின்று இந்தத் துண்டு, அந்தத் துண்டு என்று கை காட்டுகிறவர்களைப்போல அவர்கள் விரல்கள் திரையில் அலைந்தன. இவன் தலையாட்டினான், இழுத்தான், அமுக்கினான். வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை. அக்கா போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்றான்.

ஒரு நாள் கிராஃப் சட்டென்று, "நிறுத்துங்க. இதான்," என்றார்.

இயக்குநரும் குனிந்து பார்த்தார். "அழகா இருக்கா," என்றார். "பழைய ரசிகர்களும் இனி வாய மூடிக்குவாங்க."

முகக்காரன் நாற்காலியைப் பின்னால் தள்ளி, பல நாளுக்குப் பிறகு முகத்தை முழுசாகப் பார்த்தான். அதுவரை தாடையாகவும் மூக்காகவும் கன்னமாகவும் துண்டு துண்டாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது திரையிலிருந்து அவனைப் பார்த்தது அக்கா மகள்.

வேறு யாராகவும் இருக்க முடியாது. அக்காவின் முகத்திலிருந்து வயதை எடுத்து, அடியை எடுத்து, எலும்பை மெலிவாக்கினால் வேறு யார் வருவாள்? அதே நெற்றி. சிரிக்கும்போது ஒரு கன்னம் மட்டும் முதலில் ஏறுகிற அதே பழக்கம். பிறந்த அன்று அவன் கையில் வாங்கிய குழந்தை. அவனுக்கு அந்தப் பன்றிப் படங்களும் குதிரைப் படங்களும் நினைவுக்கு வந்தன. அவற்றுக்குப் பிறகு வந்தவையும் நினைவுக்கு வந்தன. நாளைக்கு இந்த முகத்தை அவர்கள் என்னென்ன செய்வார்கள் என்பதை யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து கழிவறைக்கு ஓடி, காலையில் குடித்த டீயை வாந்தியெடுத்தான்.

திரும்பி வந்தபோது இருவரும் அங்கேயேதான் நின்றிருந்தார்கள்.

"இது வேணாம்," என்றான். "இது எங்க அக்கா மக. ஸ்கூல்ல படிக்கிறா."

இயக்குநர் நிமிர்ந்தார். அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கிராஃப் திரையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "அது யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

இயக்குநர் வாயை மூடிக்கொண்டார்.

முகக்காரன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினான். எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. அழித்தாலும் அவர்களிடம் வேறு பிரதி இருக்கும். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நனைந்தபடியே அக்கா வீட்டுக்குப் போனான்.

அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். தான்தான் செய்தேன் என்பதையும் சொன்னான்.

"எத்தன நாளா பண்ணிட்டிருந்த?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரமா உனக்குத் தெரியலையா?"

"தாடைய மட்டும் பாத்துட்டிருந்தேங்கா."

அக்கா அவனை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவனுக்கு. எச்சில் பட்ட பாத்திரத்தைப் பார்ப்பதுபோல அவன் கைகளை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அத்தானைக் கூப்பிட்டாள்.

மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குக் காட்டுங்க மாமா," என்றாள்.

"எங்கிட்ட இல்லம்மா."

"நல்லாருக்கேனா அதுல?"

அவன் நனைந்த தலையைக் கையால் துடைத்தான். "இல்ல," என்றான் கடைசியில். "உன்ன மாதிரியே இல்ல."

அவள் சிரிக்கவில்லை. "பொய் சொன்னா உங்களுக்குக் காது செவக்குது," என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அக்காவும் அத்தானும் நிறுவனத்துக்கு வந்தார்கள். ஓட்டுநர் சங்கத்தின் வக்கீலும் கூட வந்தார். அக்கா சீருடையிலேயே வந்திருந்தாள். வரவேற்பில் இருந்த பெண் அவளைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். முகக்காரன் சுவரோரம் நின்றான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

கிராஃப் மிகவும் மரியாதையாகப் பேசினார். "உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுதும்மா. தற்செயலா ஒரு சாயல் வந்துருச்சு. நாங்க யாரும் வேணும்னு பண்ணல."

"எம்மூஞ்சிய நான் விரும்பித்தான் குடுத்தேன்," என்றாள் அக்கா. "அதப் பத்தி நான் எதுவும் கேக்கல. குரைச்சானுங்க, கேட்டுக்கிட்டேன். ஆனா எம்பொண்ணு யாருக்கும் எதையும் குடுக்கல."

"யாருக்கும் தெரியாதுங்கறதுதான் எங்க..."

"எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. "உங்களுக்கும் தெரியும். இந்த ரூம்ல இருக்கற எல்லாருக்கும் இப்ப தெரியும். தெரிஞ்சும் வெளிய விட்டீங்கன்னா உங்கள என்னன்னு சொல்றது?"

அதற்குக் கிராஃபிடம் கோடு எதுவும் இல்லை. வக்கீல் தன் பங்குக்குச் சட்டத்தைச் சொன்னார். பதினெட்டு வயது நிறையாத பெண், சாயல், அனுமதி என்று அவர் சொல்லச் சொல்ல, நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்காரர் வேகமாகக் குறித்துக்கொண்டார். சில நாளில் பதில் வந்தது. பழைய முகம், புது முகம் இரண்டையும் எடுத்துவிடுவதாகவும், இனி அவற்றைத் தொட மாட்டோம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். வெட்கப்பட்டு இறங்கி வந்ததாக முகக்காரன் ஒருபோதும் நினைக்கவில்லை. பயந்தார்கள், அவ்வளவுதான். அவனும் அதே வாரம் ராஜினாமாவைக் கொடுத்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கேம் வெளியானது. முந்தைய பாகத்துப் பொம்மை முகத்தையே எடுத்து ஒட்டியிருந்தார்கள். உதடு ஒன்று பேசியது, குரல் ஒன்று பேசியது. ரசிகர்கள் வெற்றி, வெற்றி என்று கொண்டாடினார்கள். நரைத்த தாடிக்காரர் மறுபடி கேமரா முன்னால் அழுதார், இந்தத் தடவை ஆனந்தத்தில். கொண்டாட்டம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. உதடு ஒட்டவில்லை என்று கேலி ஆரம்பித்தது. அப்புறம் ஒருவன் பழைய டிரெய்லரைத் தேடியெடுத்து, இந்த முகத்தில் எவ்வளவு உயிர் இருந்தது பாருங்கள், கோழைகள் இதை அழித்துவிட்டார்கள் என்று எழுதினான். அதுவும் தீயாய்ப் பரவியது. அசல் முகத்தைத் திருப்பிக் கொடு என்று அதே வாய்கள் கூச்சல் போட்டன. முகக்காரன் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தான். தாடைக்குச் சிவப்பு வட்டம் போட்டவனே இப்போது அந்தத் தாடையின் வலிமை பற்றி நீளமாக எழுதியிருந்தான். அசிங்கத்திலேயே இது ஒரு தனி அசிங்கம் என்று தோன்றியது அவனுக்கு. திட்டியபோதாவது அவர்கள் அக்காவை வெறுத்தார்கள். இப்போது அவர்களுக்கு அவள் ஒரு பொருட்டே இல்லை.

பல் செட் செய்கிற ஒரு கூடத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. திரையில் பல் வரைந்து இயந்திரத்துக்கு அனுப்பினால் அது பல்லைக் கடைந்து கொடுக்கும். முகம் கிடையாது, தாடையில் பாதி மட்டும். அக்கா அவனிடம் மெல்ல மெல்லப் பழையபடி பேச ஆரம்பித்திருந்தாள். முழுசாக இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை நிலையத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னாள். அதற்கே அவன் சந்தோஷமாகக் கிளம்பினான்.

நிலையத்தில் அக்கா வண்டிக்குள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மருந்து நெடி மூக்கில் ஏறியது. வாசலில் ஓர் இளைஞன் நின்றிருந்தான். சட்டையில் அக்காவின் முகம், டிரெய்லரில் வந்தது; அதற்குக் கீழே 'அசல்' என்று அச்சடித்திருந்தது. கையில் கேம் பெட்டி, ஒரு பேனா.

"அக்கா, ஒரு கையெழுத்து. நான் உங்க பெரிய ரசிகன்."

அக்கா துடைப்பத்தை நிறுத்தி அவனை உற்றுப் பார்த்தாள். "அப்பா எப்படி இருக்காரு?" என்றாள்.

"அப்பாவா?" அவன் விழித்தான். "இருக்காரு. தங்கச்சி வீட்ல. அவர உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே ஓட்டிட்டுப் போனேன். நீ போட்டோ எடுத்தியே."

ஒரு கணம்தான். பிறகு அவன் சிரித்துவிட்டான், பழைய கூட்டாளியைக் கண்டுகொண்டவன்போல. "ஐயோ அதுவா. அப்ப எல்லாரும் போட்டாங்கக்கா. இப்ப நாங்க உங்க பக்கம்தான்." பெட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான்.

முகக்காரனுக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்பலாம்போல இருந்தது. அவன் துப்பவில்லை. அக்கா வாளியைத் தூக்கி, மீதித் தண்ணீரை வாசல் பக்கம் சாய்த்து ஊற்றினாள். ரத்தமும் மருந்தும் கலந்த தண்ணீர் இளைஞனின் வெள்ளை ஷூக்களை நோக்கி ஓடியது. அவன் துள்ளிக் குதித்துப் பின்வாங்கினான்.

"வண்டி வெளிய வர்ற வழி. இங்க நிக்காத," என்றாள் அக்கா.

அவன் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். இங்கிருந்தும் ஒரு படம் எடுத்திருப்பான்.

அக்கா கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தபோது முகக்காரனின் போன் அடித்தது. இயக்குநர். அவன் ராஜினாமா செய்த பிறகு இதுதான் முதல் தடவை. எடுத்தான்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் அதே உயராத குரலில். "பாத்திருப்பீங்க, ஜனங்க அசல் முகத்தக் கேக்கறாங்க. சிறப்புப் பதிப்பா ஒண்ணு கொண்டு வரலாம்னு இருக்கோம். எனக்கு மொதல்லேருந்தே அந்த முகத்து மேலதான் நம்பிக்கைன்னு உங்களுக்கே தெரியும். உங்க அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்களேன்."

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவிடம் சொன்னான். அவள் கைகளைத் துடைத்தபடி கேட்டாள். யோசித்ததாகவே தெரியவில்லை.

"கேட்டியே, அந்த மட்டும் சந்தோஷம்," என்றாள் தம்பியிடம். "மாட்டேன்னு சொல்லிரு."

சொன்னான். இயக்குநர், "ஆனா ரசிகர்கள்..." என்று ஆரம்பித்தார். அவன் போனை அணைத்தான். உள்ளே மணி அடித்தது. நர்ஸ் ஓடி வந்து பின்கதவைச் சாத்தினாள். அக்கா ஏறி வண்டியை எடுத்தாள். முகக்காரன் சுவரோரக் குழாயைத் திறந்து, வாய் நிறையத் தண்ணீர் பிடித்துக் கொப்பளித்துத் துப்பினான். நெடி போகவில்லை. மறுபடியும் பிடித்தான்.